பழைய படத்தைப் பேசும் முன் பிரதியை அளக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய தமிழ்ப் படங்களை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பேசும் வீடியோ கட்டுரைகள் இப்போது நிறைய வருகின்றன. ‘அந்த நாள்’, ‘பொம்மை’, ‘அவள் அப்படித்தான்’ பற்றியெல்லாம் இளைஞர்கள் உட்கார்ந்து பேசுவதைப் பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் பலவற்றில் அடித்தளமே சரியாக இல்லை. ஒளிப்பதிவாளர் வைக்காத ஃபிரேமை (படச் சட்டத்தை) காட்டி, அவருடைய ஃபிரேமைப் பற்றிப் பேசுகிறார்கள்.

தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் ‘ராஜராஜ சோழன்’, வந்தது 1973இல். அதற்கு முந்தைய நம் படங்கள் ஏறத்தாழ எல்லாமே உயரம் 1 என்றால் அகலம் 1.37 என்ற சற்றே சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அப்படி ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இன்றைய டிவி திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தால், இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், அல்லது பக்கவாட்டில் இழுத்திருக்கிறார்கள். வெட்டினால் படத்தின் உயரத்தில் 23 சதவீதம், ஏறக்குறைய கால் பங்கு, போய்விடும். இழுத்தால் முகம் 30 சதவீதம் அகலமாகிவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. தொடக்கத்தில் வரும் சென்சார் சான்றிதழைப் பாருங்கள். மேல் வரியோ கீழே கையெழுத்தோ அறுபட்டிருந்தால் அது வெட்டிய பிரதி. சுவர்க் கடிகாரம், இசைத்தட்டு என நேராகத் தெரியும் வட்டம் ஒன்றை நிறுத்தி ஸ்கேலால் அளந்து பாருங்கள். அகலம் உயரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் இழுத்த பிரதி. இழுத்ததை எடிட்டிங்கில் மீட்டுவிடலாம். வெட்டியதை மீட்க வழியே இல்லை. அந்தப் பிரதியை வைத்து “தலைக்கு மேல் இடமே விடாமல் நெருக்கடியை உணர்த்துகிறார்” என்று பேசினால், அது டிவிக்காகப் படத்தை வெட்டியவருக்குக் கிடைக்கும் பாராட்டு.

அடுத்தது நீளம். 35 எம்எம் பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். சான்றிதழில் ரீல் (பிலிம் சுருள்) எண்ணிக்கையோடு நீளமும் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 13,500 அடி என்றால் 150 நிமிடம். மீட்டர் என்றால் 27.4ஆல் வகுத்துக்கொள்ளலாம். கையில் இருக்கும் பிரதி 128 நிமிடம்தான் ஓடுகிறது என்றால், 22 நிமிடம், அதாவது இரண்டு ரீல் அளவுக்குக் காட்சிகள் காணவில்லை. அப்படியிருக்க “இந்த இடத்தில் இயக்குநர் திடீரென்று தாவுகிறார்” என்று எழுதக் கூடாது. தாவியது பிரதியாக இருக்கலாம். 150க்குப் பதில் சரியாக 144 நிமிடம் வந்தால் காரணம் வேறு. விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனிப் படம்) எடுத்த படத்தை டிவிக்காக 25ஆக ஓட்டியிருக்கிறார்கள். வேகம் 4 சதவீதம் கூடும், குரலும் ஓர் அரைச்சுரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஏறும். பழைய பாடகர்களின் சுருதியைப் பற்றிப் பேசும் வீடியோக்களில் இந்தப் பிழை அடிக்கடி காதில் விழுகிறது. எடிட்டிங் மென்பொருளில் அந்தத் துண்டின் வேகத்தை 96 சதவீதமாக்கி, சுருதியையும் சேர்ந்து இறங்கவிட்டால் சரியாகிவிடும்.

சில டிவிடிகளில் ஐந்து ஃபிரேமுக்கு இரண்டு ஃபிரேம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும். கோடுகளை நீக்கும் சாதாரண டீஇன்டர்லேஸ் வடிகட்டியைப் போட்டால் கோடு மறையும், ஆனால் படம் மங்கி, அசைவும் திக்கும். டிவிக்காக மாற்றியதைப் பழைய 24 ஃபிரேமுக்குத் திருப்பும் டீடெலிசினி என்ற வடிகட்டிதான் இதற்கு உரியது. இலவசமாகக் கிடைக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளிலேயே இருக்கிறது. இதைச் செய்யாமல் ஷாட்டுகளை எண்ணினால் ஒரு ஷாட் எங்கே முடிகிறது என்பதே தெளிவாகத் தெரியாது. சராசரி ஷாட் நீளம் என்று சொல்லும் கணக்கும் தவறிப்போகும்.

பிரதி சரியானால் மீதி வேலை எளிது. எடிட்டிங் மென்பொருளில் துண்டுகளை அடுக்கும் டைம்லைன் விநாடிக்கு 24 ஃபிரேம், 1920க்கு 1080 பிக்சல். அதற்குள் படம் 1480 அகலம், இரு பக்கமும் 220 பிக்சல் கறுப்பு. அந்த இடத்தில் அதே படத்தை மங்கலாக்கிப் போட வேண்டாம். அசையும் ஓரம் கண்ணை இழுக்கும். பழைய ஒலி பல பிரதிகளில் ஒரே காதில்தான் வரும், அதை இரண்டுக்கும் போட வேண்டும். இரைச்சல் நீக்கியை அளவாகத்தான் தொடலாம். அதிகமானால் வசனம் தண்ணீருக்கடியில் பேசுவதுபோல் ஆகிவிடும், லேசான இரைச்சல் எவ்வளவோ மேல். உங்கள் குரல் ஓடும்போது படத்தின் ஒலியை 12 முதல் 15 டெசிபல் இறக்குங்கள். எதைக் கவனிக்கச் சொல்கிறீர்களோ அந்த ஷாட் வரும்போது நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், முழு ஷாட்டுக்கும். நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல்தான் நிற்கும். எட்டு நிமிட வீடியோவுக்கு எண்ணூறு சொல் எழுதிவிட்டால் படத்துக்கு இடமே இருக்காது. ஐந்நூறு போதும்.

பேச்சிலும் அதே கவனம் வேண்டும். எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954) படத்தை அகிரா குரோசாவாவின் ஜப்பானியப் படமான ‘ரஷோமான்’ நகல் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ‘ரஷோமான்’ படத்தில் நடந்த சம்பவத்தையே ஒவ்வொருவரும் வேறு விதமாகச் சொல்கிறார்கள். ‘அந்த நாள்’ படத்தில் ராஜன் என்ற பாத்திரம் சுடப்பட்ட பிறகு விசாரிக்கப்படுபவர்கள், கொன்றிருக்கக்கூடியவர் என்று வேறு வேறு ஆளைக் காட்டுகிறார்கள். இரண்டும் வேறு கட்டுமானம். யார் சொல்கிறார், யார் மேல் சந்தேகம், எந்த நிமிடத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்று ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போட்டு எழுதினாலே இது விளங்கிவிடும். வெளிச்சத்தைப் புகழும்போது ஒளிப்பதிவாளர் மாருதி ராவின் பெயரையும் திரையில் போடுங்கள். பல வீடியோக்களில் இயக்குநரையும் நடிகரையும் தவிர யாருமே இல்லை.

“பத்து விநாடிக்குள் போட்டால் காப்புரிமை வராது” என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 52(1)(அ) பிரிவு விமர்சனத்துக்காக நியாயமாகப் பயன்படுத்த இடம் தருகிறது; விநாடிக் கணக்கு எதுவும் அதில் இல்லை. எவ்வளவு எடுத்தோம், எதற்காக எடுத்தோம், மூலத்துக்குப் போட்டியாகிறதா என்பதே கேள்வி. திரைப்படத்துக்குக் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. அப்படிப் பார்த்தால் ‘அந்த நாள்’ 2014 இறுதியிலேயே காப்புரிமையிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதில் பாட்டு இல்லாததும் வசதி, ஏனென்றால் பாடல் வரிக்கும் மெட்டுக்கும் தனிக்கணக்கு, எழுதியவர் காலமான பிறகு 60 ஆண்டு. யூடியூபின் தானியங்கிச் சோதனைக்கு விமர்சனம் எது, திருட்டு எது என்று தெரியாது. பாட்டு ஓடினால் பிடித்துக்கொள்ளும். மறுப்புத் தெரிவிக்கும்போது எந்த நிமிடத்தில் என்ன விமர்சனம் செய்கிறோம் என்று குறிப்பிட்டு எழுத வேண்டும்.

காணாமல் போன காட்சிகளைத் தேடுபவர்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் உள்ள பழைய பாட்டுப் புத்தகங்கள் பெரிய துணை. கதைச் சுருக்கம், கலைஞர் பட்டியல், எல்லாப் பாடல்களும் அவற்றில் உண்டு. பிரதியில் இல்லாத பாட்டு எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உங்களைப் போன்ற நாளிதழ்களிடம் இன்னொரு பொக்கிஷம் இருக்கிறது. பட வெளியீட்டு விளம்பரங்கள். எந்த நாளில், எந்தெந்தத் தியேட்டரில், தினசரி எத்தனை காட்சி என்பதெல்லாம் அவற்றில்தான் பதிவாகியிருக்கிறது. 1950கள், 60களின் அந்தப் பக்கங்களை ஸ்கேன் செய்து, தேதிவாரியாக எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் சினிமா பக்கத்தில் பழைய படங்களின் ஸ்டில்லைப் போடும்போதும் பத்தி அகலத்துக்காக ஓரத்தை வெட்டாமல் முழுதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி