மூடியை நிமிர்த்திப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் மாயா நாகரிகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மெக்சிகோவில் பலெங்கே என்ற பழைய மாயா நகரத்தில் உள்ள கல்லறை மூடியில் இருப்பவர் ராக்கெட்டில் பறக்கும் விண்வெளி வீரர் என்றும், மாயா இனமே அழிந்துவிட்டது என்றும் அதில் இருந்தது. இரண்டும் தவறு. போன வருடம் அங்கே போய்வந்தவள் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

பலெங்கேயில் உள்ள கல்வெட்டுக் கோயிலின் தரையில் பதித்த ஒரு பலகைக்கல்லில் துளைகள் இருந்ததைத் தொல்லியலாளர் அல்பெர்தோ ரூஸ் கவனித்தார். கல்லைத் தூக்கினால் அடியில் படிக்கட்டு, முழுக்கக் கல்லும் மண்ணும் போட்டு அடைத்தது. அதை அள்ளி முடிக்கச் சில வருடங்கள் ஆகி, 1952-இல்தான் அந்தக் கல்லறையை எட்டினார். இப்போது கீழே போக விடுவதில்லை. ஆனால் அங்குள்ள அருங்காட்சியகத்தில் மூடியின் நகல் இருக்கிறது. அரைமணி நேரம் அதன் பக்கத்திலேயே நின்றேன். ராக்கெட் என்கிறார்களே, அது உலகின் நடுவே நிற்கும் மரம். உச்சியில் ஒரு பறவை. கிளை நுனிகளில் பாம்புத் தலைகள். மரத்தடியில் சாய்ந்திருக்கிறார் அரசர். அவருக்குக் கீழே பாதாளத்தின் வாய். படத்தைப் படுக்கவைத்தால்தான் அது ராக்கெட் மாதிரி தெரியும்.

அந்த அரசர் யார் என்பதிலும் மர்மம் இல்லை. பெயர் பக்கால். 615-இல் 12 வயதில் பட்டத்துக்கு வந்தார், 683-இல் இறந்தார். பக்கால் என்றால் கேடயம். அதனால் சில இடங்களில் கேடயத்தையே வரைந்திருக்கிறார்கள். சில இடங்களில் ப, க, ல என்று அசை அசையாக எழுதியிருக்கிறார்கள், கடைசி அகரத்தை மட்டும் உச்சரிப்பதில்லை. நம் உயிர்மெய் எழுத்துப் பழக்கத்துக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! வழிகாட்டி அந்த மூன்றையும் விரலால் தொடாமல் சுட்டிக் காட்டியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த வழிகாட்டியின் தாய்மொழி ச்சோல், மாயா மொழிகளில் ஒன்று. மக்காச்சோளத்துக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். 'இஷிம்' என்றார். பழைய மாயா எழுத்துகளிலும் அதே சொல்தான். நகரத்தை விட்டுப் போனார்கள், சரி. மக்கள் எங்கே அழிந்தார்கள்? மெக்சிகோவின் சியாபாஸிலும் யுகடானிலும், பக்கத்து நாடான குவாதமாலாவிலும் லட்சக்கணக்கில் வாழ்கிறார்கள். 'அழிந்த இனம்' என்று எழுதினால் அந்த வழிகாட்டியை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். அப்படியே மூடியின் படத்தையும் நிமிர்த்திப் போடுங்கள்.

— நீண்டகால வாசகி