சிஸ்டருக்கும் உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள சிஸ்டர், அன்பான பங்கு மக்களே,

ஃபாதரின் அடக்கம் எந்த நிலையில் நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். குருவை அடக்கம் செய்யும்போது உடன்குருக்கள் சூழ நின்று ‘சால்வே ரெஜீனா’ என்ற லத்தீன் மாதா பாட்டைப் பாடுவது வழக்கம். அதை எடுத்துக்கொடுக்க வேண்டியவர் ஆஸ்பத்திரியில். கல்லறையில் கீபோர்டும் கிடையாது.

சிஸ்டர், முந்தின இரவு நீங்கள் வாட்ஸாப்பில் அனுப்பிய அந்த ஒரு பக்கம்தான் பாடகர் குழுவைத் தாங்கியது. எளிய மெட்டின் தொடக்கத்தை ‘ஸ க ப த ப’ என்று எழுதி, சுருதி ‘இரண்டு கட்டைக்கு மேல் போகாதீர்கள்’ என்று அடிக்கோடு போட்டிருந்தீர்கள். புத்தகத்தில் நாலு கட்டையில் தொடங்குவதுபோல் தெரியும். ஆனால் சுவரங்களை எழுதியிருக்கும் அந்த நான்கு கோடுகள் எந்தச் சுருதியில் பாடுவது என்று சொல்வதில்லை. பாட்டு மேல் ஸட்ஜம் வரை ஏறுகிறது. நாலு கட்டையில் எடுத்தால் அங்கே பாதிப்பேர் கத்துவார்கள், மீதிப்பேர் விட்டுவிடுவார்கள்.

உச்சரிப்பில்தான் உங்கள் கவனம் முழுதும் தெரிந்தது. ‘மாத்தெர்’, ‘ஆத்வொகாத்தா’ என்று இரட்டித்து எழுதினீர்கள். ஒற்றைத் தகரம் போட்டால் நம் நாக்கு அதை மெலிதாக்கிவிடும். ‘எர்கோ’ நம் வாயில் ‘யெர்கோ’ ஆகும், ‘ஓ கிளேமென்ஸ்’ ‘வோ கிளேமென்ஸ்’ ஆகும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எச்சரித்திருந்தீர்கள். கடைசியில் வரும் மூன்று ‘ஓ’க்களிலும் ஒரே உயிரில் பல சுவரங்கள், ‘ஓஹோஹோ’ என்று காற்றுத் தள்ளாமல் இழைத்துப் பாட வேண்டும் என்றீர்கள். மூச்சு வாங்கும் இடங்களுக்குச் சாய்கோடு. ‘ஜெமென்தெஸ் எத் ஃப்ளென்தெஸ்’ ஒரே மூச்சு. தாளம் தட்டக்கூடாது, சொல் போகும் வேகமே போதும். எவ்வளவு சரி! தாளக்கட்டுக்குள் அடைத்தால் அது வேறு பாட்டாகிவிடும்.

பொருள் சொல்லத் தேவைப்படவில்லை. இதே செபத்தைத் தமிழில், செபமாலை முடிவில் ‘கிருபை தயாபத்து’ என்று சொல்லி வளர்ந்தவர்கள்தானே எல்லோரும்.

குரல் கொடுத்த பக்கத்துப் பங்கு அண்ணன்மார், குழி வெட்டிய தம்பிகள், விடியவிடியத் தேநீர் போட்ட அன்னையர் குழு, பந்தல்காரர், உபதேசியார் ஐயா, அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி.

பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், சிஸ்டர்; போடவில்லை. அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒவ்வொரு பாட்டுப் புத்தகத்திலும் ஒட்டியாயிற்று. பெந்தகோஸ்து திருநாளுக்குப் பின், கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக்காலம் வரை இந்தப் பாட்டின் முறை. அந்த மாதங்களில் சனிக்கிழமைதோறும் செபமாலை முடிந்ததும் இதைப் பாடுவோம், சிறுபிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு.

நன்றியுடன்,
பங்குப் பாடகர் குழு