கோல்ப் முடிவுகளில் பெயர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் சீனன்குடா கோல்ப் திடலின் போட்டி முடிவுகள் வெளிவந்தது மகிழ்ச்சியே. ஆனால் வெற்றியாளர் பெயருடன் இருந்த எண், அடிகளா, ஒவ்வொரு குழியிலும் எடுத்த அடிகளைப் பொறுத்து வழங்கப்படும் ஸ்டேபிள்ஃபோர்ட் புள்ளிகளா என்பது குறிப்பிடப்படவில்லை. அடியென்றால் குறைந்தவர் வெல்வார், புள்ளியென்றால் கூடியவர். ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கேற்ப மொத்த அடிகளிலிருந்து கழிக்கப்படும் சலுகை) 18 உள்ளவர் 88 அடிகளில் முடித்தால், கழித்து வரும் நிகரம் 70. ஹேண்டிகேப் 4 உள்ளவர் 76 அடித்தால் நிகரம் 72. மொத்தத்தை மட்டும் அச்சிட்டால் வென்றவரே தோற்றவராகத் தெரிவார். சமநிலை வந்தால் குழப்பம் இன்னும் கூடும். வழக்கமாகக் கடைசி 9 குழிகளையும், அவையும் சமமானால் கடைசி 6, பின்னர் 3, இறுதியாக 18ஆம் குழியையும் ஒப்பிட்டே முடிவெடுப்பர். இது எழுதப்படாததால் அடுத்த ஆட்டத்தின் முதல் டீயிலேயே (பந்தை முதலில் அடிக்கும் இடத்திலேயே) விவாதம் எழுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

திடலின் நிலையும் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலம் இறுகிப் பந்து நெடுந்தூரம் உருளும். மாரியில் விழுந்த இடத்திலேயே புதையும்; அப்போது பந்தை எடுத்துத் துடைத்து வைக்க உள்ளூர் விதி இடம் தரலாம். அவ்விதி நடைமுறையில் இருந்ததா என்று தெரியாமல் இரு மாதப் புள்ளிகளை எப்படி ஒப்பிடுவது? எனவே ஹேண்டிகேப், மொத்தம், நிகரம் அல்லது புள்ளி, எந்தத் தொடக்க இடத்திலிருந்து ஆடினார் என்பதைக் காட்டும் டீயின் நிறம் ஆகியவற்றைப் பெயருக்கு அருகிலும், சமநிலை தீர்த்த முறையையும் திடல் நிலையையும் கீழே ஒரு வரியிலும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.