முகப்பு விளக்கு: இணைப்பையும் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கட்டட முகப்புகளில் நீள எல்இடி விளக்கு பொருத்துவது என் தொழில். போன வாரம் பழுது பார்க்க ஒரு கட்டடத்தில் ஏறினேன். விளக்கு போட்டு ஒரு மழைக்காலம்தான் ஆகியிருந்தது. முனை மூடியைக் கழற்றினால் உள்ளே தண்ணீர். செம்புத் தடமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. விளக்கில் ஐபி 67 என்றுதான் அச்சிட்டிருந்தது; ஐபி என்பது தூசியும் நீரும் புகாமல் தடுக்கும் தரத்தைச் சொல்லும் எண். ஆனால் ஒயர் இணைப்பை வெறும் டேப்பால் சுற்றியிருந்தார்கள். தண்ணீர் அந்த ஒயர் வழியாகவே ஊறிப் போயிருக்கிறது. பார்க்கவே வயிறு எரிந்தது.

ஐபி எண்ணில் 6 என்றால் தூசி புகாது. அடுத்த எண் 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கினாலும் தாங்கும். வெளியில் இருக்கும் இணைப்பானுக்கும், விளக்குக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் பெட்டிக்கும் அதற்கேற்ற தரம் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், 12 வோல்ட்டில் நீளமாக இழுத்தால் கடைசி முனை மங்கும். 24 வோல்ட்டில் மின்னோட்டம் பாதிதான், மங்கலும் குறையும்.

வாங்கும் முன் ஒரு மாதிரி விளக்கை இரவில் சுவரோரம் பிடித்துப் பாருங்கள். ஒட்டி வைத்தால் பூச்சின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். கல் சுவருக்கு அது அழகு, பூசிய சுவருக்கு இல்லை. வெளிச்சம் எதிர்வீட்டுப் படுக்கையறை ஜன்னலில் விழுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு எலெக்ட்ரீஷியன்