கொக்குகளுக்குச் சோறு போடுகிறவர்கள்

சியோல்,
தை மாதம்.

அன்புள்ள மங்கைக்கு,

நலம். நலமறிய ஆவல். பொங்கல் முடிந்த கையோடு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அண்ணனுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதும் நல்ல செய்தி. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டுக்கொள்ளச் சொல். இங்கே மகனும் மருமகளும் பேத்தியும் சுகம். பேத்திக்கு இப்போது குளிர்கால விடுமுறை. நாள் முழுவதும் என்னோடுதான் இருக்கிறாள். அவளுக்கு நான் தமிழ் எழுத்து சொல்லிக் கொடுக்கிறேன், அவள் எனக்குக் கடைப் பலகைகளைப் படிக்கக் கற்றுக் கொடுக்கிறாள்.

உன் கடிதத்தில் சம்பா அறுவடை பற்றிய பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அறுவடை இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் வேலையை முடித்துவிட்டது, அதன் பின்னாலேயே வைக்கோல் கட்டும் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் உருளை உருளையாகச் சுருட்டிவிட்டது, லாரிக்காரர் காசைக் கொடுத்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார், வயலில் இப்போது ஒரு துரும்புகூட இல்லை என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த அதே வாரம் அதே மாதிரி உருளைகளை இங்கே, வடகொரிய எல்லையை ஒட்டிய வயல்களில் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சியோலிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும் சுற்றுலாக்கள் குளிர்காலத்தில் நிறைய உண்டு. வழிகாட்டியோடு பஸ் காலையில் சுரங்க ரயில் நிலைய வாசலிலிருந்து கிளம்பும், இருட்டிய பிறகு அதே இடத்தில் கொண்டுவந்து விட்டுவிடும். பனிச்சறுக்கு மலைகள், நமி தீவின் மரவரிசைகள், ஹ்வாசொன் ஊரில் உறைந்த ஆற்றில் துளை போட்டு மீன் பிடிக்கும் திருவிழா என்று மருமகள் பட்டியலைக் காட்டி, எங்கே போகலாம் என்று கேட்டாள். இத்தனை வருடம் விலங்கியல் பாடம் நடத்தியவளிடம் கேட்டால் என்ன சொல்வேன்? பறவை இருக்கும் இடத்துக்கு என்றேன். அப்படித்தான் சொர்வொன் போனோம்.

சொர்வொன் சியோலுக்கு வடகிழக்கே, பஸ்ஸில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தென்கொரியாவில் கடுங்குளிருக்குப் பெயர்போன ஊர். 2001 ஜனவரியில் அங்கே மைனஸ் 29.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. நாங்கள் போன நாளில் அவ்வளவு இல்லை என்றாலும் மூச்சு விட்டால் மூக்குக் கண்ணாடி மங்கியது. மருமகள் என் கையுறைக்குள்ளும் காலணிக்குள்ளும் சூடேறும் சிறு பொட்டலங்களை வைத்துவிட்டாள். உள்ளே இரும்புத்தூள் இருக்கிறது. உறையைப் பிரித்ததும் காற்றுப்பட்டுத் துருப்பிடிக்க ஆரம்பிக்கும், அந்தச் சூடு பல மணி நேரம் நிற்கும். ஆய்வகத்தில் நாம் செய்து காட்டிய அதே வேதிவினைதான். உனக்கு இரண்டு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறேன். முழங்காலுக்கு ஒத்தடமாகும்.

வழிகாட்டி ஓர் இளம்பெண். ஆங்கிலமும் கொரிய மொழியும் மாறி மாறிப் பேசினாள். முதலில் ஹன்டான் ஆறு. வடக்கே ஓரி மலைப் பக்கமிருந்து எப்போதோ வழிந்த எரிமலைக் குழம்பு இறுகிக் கிடக்க, ஆறு அதை அறுத்துக்கொண்டு ஆழத்தில் ஓடுகிறது. கரைச் சுவர் முழுவதும் அறுகோணத் தூண்களாக வெடித்த கரும்பாறை. 2020-ல் யுனெஸ்கோ இதை உலகப் புவிப்பூங்கா ஆக்கியிருக்கிறது. குளிர்காலத்தில் ஆற்றின் மேலேயே மிதவைப் பாதை போடுகிறார்கள். பேத்தி ஓடினாள், நான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நடந்தேன். அழகுதான். ஆனால் என் மனம் அங்கே இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ராணுவச் சோதனைச் சாவடி. பொதுமக்கள் கட்டுப்பாட்டுக் கோடு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தாண்ட ஆளுக்கொரு அடையாளச் சான்று வேண்டும், நமக்கு பாஸ்போர்ட். சிப்பாய் ஒருவர் பஸ்ஸில் ஏறித் தலைகளை எண்ணினார். நம் கல்லூரியில் படித்த பையன்களின் வயதுதான் இருக்கும். அதற்கும் வடக்கே ராணுவமற்ற மண்டலம். 1953 ஜூலை 27-ல் கொரியப் போரை நிறுத்தும் உடன்பாடு கையெழுத்தானபோது எல்லைக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு கிலோமீட்டர் என்று ஒதுக்கிய நான்கு கிலோமீட்டர் அகலப் பட்டை. பறவைக் காய்ச்சல் பரவும் காலங்களில் இந்தப் பயணத்தையே நிறுத்திவிடுவார்களாம். எங்களுக்கு வழி திறந்திருந்தது.

சாவடி தாண்டியதும் எங்கு பார்த்தாலும் நெல்வயல். மங்கை, நீ அதைப் பார்க்கவேண்டும். மன்னார்குடியிலிருந்து வடுவூர் போகும் வழியில் தெரிகிற அதே சமவெளி, ஆனால் பனி மூடியது. அறுத்த தாள் வரிசை வரிசையாகப் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தத் தாள்களுக்கு நடுவே கொக்குகள்.

கொக்கு என்றதும் நம் வயலில் உழவு மாட்டுக்குப் பின்னால் போகுமே, அதை நினைத்துவிடாதே. இது வேறு குடும்பம், நம் நாட்டுச் சாரசக் கொக்கின் உறவு. நிமிர்ந்து நின்றால் ஒன்றரை மீட்டர் உயரம். பேத்தியைவிடப் பெரிது. இங்கே துருமி என்கிறார்கள். வெள்ளை உடல், கருங்கழுத்து, உச்சந்தலையில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு. அந்தச் சிவப்பு இறகு அல்ல, இறகில்லாத வெறும் தோல். நிற்கும்போது வால் கறுப்பாகத் தெரிவது சிறகின் ஓர இறகுகளால். பறக்கும்போது பார், வால் வெள்ளை. அப்பா, அம்மா, கழுத்து பழுப்பு மாறாத ஒரு குஞ்சு என்று மூன்று மூன்றாக மேய்ந்தன. ஒரு ஜோடி கழுத்தை நிமிர்த்திக் கூவியது. ஆண் ஒரு முறை குரல் கொடுத்தால் பெண் இரு முறை பதில் கொடுக்கிறது. மூச்சுக்குழாய் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால்தான் அவ்வளவு கனத்த ஓசை. பலகையில் எத்தனை முறை படம் வரைந்து சொல்லியிருப்பேன்! மூடிய பஸ் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்டபோது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

உலகத்திலேயே இவை சில ஆயிரம்தான் மிச்சம். ரஷ்யாவிலும் சீனாவிலும் ஆமூர் ஆற்றுப் படுகையில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்கு இங்கே வருகின்றன. சாம்பல் நிறத்தில், கண்ணைச் சுற்றிச் சிவப்பாக இன்னோர் இனமும் கூட்டம் கூட்டமாக மேய்ந்தது. இரவில் இவை ஆற்றின் ஆழமில்லாத நீரில் நின்றபடி தூங்கும், நரி போன்றவை கிட்ட வந்தால் தண்ணீரின் சலசலப்பில் விழித்துக்கொள்ளலாம் என்பதற்காக. இங்கே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 15 டிகிரியில் சுரக்கும் ஊற்று ஒன்று இருக்கிறது. சுற்றிலும் எல்லாம் உறைந்தாலும் அந்த நீர் உறையாது.

வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் சொன்னது இது: போர் மனிதனை வெளியேற்றியது, மனிதன் இல்லாததால் இது பறவைகளின் சொர்க்கம் ஆனது. துண்டுப் பிரசுரத்திலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதிதான் உண்மை. அமைதி வேண்டும், இரவில் தொந்தரவு இல்லாத ஆறு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கு கிலோமீட்டர்ப் பட்டைக்குள் பெரும்பாலும் காடும் புதரும் கண்ணிவெடியும்தான். அன்று நாங்கள் பார்த்த கொக்குகள் தின்றது நெல். நெல் தானாக முளைத்து நிற்கவில்லை.

எல்லைக்கு அருகே தேமாரி என்றொரு கிராமம். அதை ஒட்டிய வெண்குதிரை மலைக்காக 1952 அக்டோபரில் பத்து நாள் சண்டை நடந்து, மலை பலமுறை கை மாறியது. அந்த மலையடிவாரத்தில் 1967-ல் 150 குடும்பங்களைக் குடியேற்றினார்கள், பெரும்பாலும் முன்னாள் சிப்பாய்கள். நிலம் முழுக்கக் கண்ணிவெடி. மண்ணைக் கொத்திக் கொத்தி, வெடியைத் தோண்டி எடுத்து எடுத்து வயலாக்கினார்கள். கால் போனவர்கள் உண்டு, உயிர் போனவர்கள் உண்டு. பழைய பாசன ஏரி வடக்கே மாட்டிக்கொண்டு தண்ணீர் வராமல் போனதால், தெற்கே புதிதாக நீர்த்தேக்கங்கள் கட்டினார்கள். இன்று காட்டு வாத்துகள் இரவில் அடைவது அந்த நீர்த்தேக்கங்களில்தான். கொக்குக்குச் சோறு போட்டது போர் அல்ல. காலை இழந்தும் அந்த மண்ணை விடாத உழவர்கள்தான். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த பயணத்தில் தேமாரியைப் பற்றியும் பேசுவதாகச் சொன்னாள். நல்ல பெண்.

இப்போது வைக்கோலுக்கு வருகிறேன். வயலோரங்களில் வெள்ளை பிளாஸ்டிக் சுற்றிய பெரிய உருளைகள் கிடந்தன. மாட்டுத் தீவனத்துக்கு நல்ல விலை. வைக்கோலைச் சுருட்டி எடுத்தால் அதோடு சிந்திய நெல்லும் போய்விடுகிறது. அறுத்ததும் பனிக்கு முன்னாலேயே உழுதுவிட்டால் மிச்ச நெல் மண்ணுக்குள் போய்விடுகிறது. சில இடங்களில் நெல்லையே விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் குடைமிளகாய் பயிரிடுகிறார்கள். கொக்கு மேய இடம் சுருங்குகிறது. இதைத் தடுக்க, வைக்கோலை வயலிலேயே விடுகிற உழவருக்கும், குளிர்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி நிறுத்துகிறவருக்கும் அரசு ஒப்பந்தம் போட்டுப் பணம் தருகிறது. எனக்கு இது மிகச் சரியாகப் படுகிறது. பறவையைக் காப்பாற்று என்று உழவனுக்கு உபதேசம் செய்வது சுலபம். எல்லைப்புறச் சட்டதிட்டங்களால் அவன் நிலம் விலை போகாது, வீடு கட்ட அனுமதி வேண்டும், பிள்ளைகள் சியோலுக்குப் போய்விட்டார்கள். அவனுக்கு உருளைக்கு வருகிற காசை யாராவது ஈடுகட்டத்தானே வேண்டும்?

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1975-ல் கண்டுபிடித்த இரண்டாவது ஊடுருவல் சுரங்கம், எல்லைக்கு அடியில் வடகொரியா தோண்டியது. குனிந்து நடக்கவேண்டும் என்றதும் நான் வெளியிலேயே இருந்துவிட்டேன். வொல்ஜொங்ரி ரயில் நிலையத்தில் ஒரு ரயிலின் துருப்பிடித்த எலும்புக்கூடு கிடக்கிறது. சியோலையும் வொன்சானையும் இணைத்து 1914-ல் திறந்த பாதை, போருக்குப் பிறகு துண்டாகிவிட்டது. தொழிலாளர் கட்சிக் கட்டடத்தின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். சொர்வொன் வடக்கின் கையில் இருந்தபோது, 1946-ல் எழுப்பிய மூன்று மாடிக் கட்டடம். இப்போது முகப்புச் சுவர்தான் பெரிதாக மிச்சம், அது முழுக்கக் குண்டுத் துளைகள். அங்கே நிற்கும்போது நம் ரங்கராஜை நினைத்துக்கொண்டேன். லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ், 60-ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவின் தலைவர். 1950 நவம்பரில் அந்தப் பிரிவு கொரியாவுக்கு வந்து போர்க்களத்தில் மருத்துவம் பார்த்தது. மகாவீர் சக்ரா பெற்றவர். நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட அவரைப் பற்றிப் படித்த நினைவில்லை. இந்தக் குளிரில் கூடாரம் அடித்து அறுவை சிகிச்சை செய்தார்கள் என்று பேத்திக்குச் சொன்னேன். அவள் பள்ளியில் போய்ச் சொல்லப் போகிறாளாம்.

சாப்பாட்டைச் சொல்ல மறந்தேன். சொர்வொன் அரிசி இந்த நாட்டில் பெயர் பெற்றது, ஓதே என்ற ரகம். குட்டையாக, பளபளவென்று, ஒன்றோடொன்று ஒட்டும். சோயா விழுது போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் குழம்பு, கீரை, ஊறுகாய். நம் சீரகச் சம்பாவை நினைத்து ஏங்குகிற நாக்கு எனக்கு, ஆனாலும் அந்தச் சோற்றை வெறுமனே ஒரு கிண்ணம் சாப்பிட்டேன்.

இனி உன் வயல். வடுவூர் ஏரிக்கு 2022-ல் ராம்சர் அங்கீகாரம், அதாவது உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்ற தகுதி, கிடைத்தபோது நாம் எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! ஏரிக்கு அங்கீகாரம் கொடுத்தார்கள். ஆனால் அங்கே வரும் கொக்கும் நாரையும் அரிவாள்மூக்கனும் இரைக்கு ஏரியில் மட்டுமா இறங்குகின்றன? சுற்றியுள்ள வயல்களில்தானே. அந்த வயல்களுக்கு எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லை, அவற்றை உழுகிறவர்களுக்கு யாரும் எதுவும் தருவதில்லை. அண்ணனிடம் பேசு. உருளைக்குக் கிடைக்கிற காசு சின்னதல்ல என்று எனக்குத் தெரியும், அதனால் எல்லா வயலையும் கேட்கவில்லை. வாய்க்காலோரத்துத் துண்டு வயலில் மட்டும் அடுத்த அறுவடைக்கு வைக்கோலை விட்டுவைக்க முடியுமா? அந்தக் காசை நான் தருகிறேன். மறுக்காதே. அறுவடை முடிந்ததும் மேய்ச்சலுக்கு வரும் வாத்துக்காரர்கள் இந்த வருடமும் வந்தார்களா, வயலில் வாத்துக்கு ஏதாவது கிடைத்தது என்கிறார்களா என்று விசாரித்து எழுது. அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.

பங்குனியில் வந்துவிடுவேன். டிக்கெட் எடுத்தாயிற்று. வந்ததும் நேரே உன் வீட்டுக்குத்தான். தொலைநோக்கியைத் துடைத்து வை. என்ன வேண்டும் என்று பட்டியல் அனுப்பு. கடல்பாசி அப்பளம் வேண்டாம் என்று சென்ற முறையே சொல்லிவிட்டாய், கொண்டு வரமாட்டேன்.

அண்ணனுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி.

உன் அன்புள்ள,
கமலா