உறையின் மேல் ஒரு பாம்பு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. கண்புரை அறுவைக்குப் பிறகு சொட்டு மருந்து விட்டுக்கொண்டு சும்மா கிடந்தேன். இப்போது எல்லா எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது, உன் கையெழுத்தைத் தவிர. அது என் கண்ணின் குற்றமல்ல.

படிக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் முதலில் எடுத்தது, இரண்டு யூத அறிஞர்களின் கடிதங்களைப் பற்றிய கட்டுரை. ஒருவர் ரபி, அதாவது யூத மதகுரு, யெஹியேல் யாகோவ் வைன்பெர்க். பெர்லினில் ரபிகளை உருவாக்கிய ஹில்டெஸ்ஹைமர் கல்லூரிக்குத் தலைவராக இருந்தவர். 1938இல் நாஜிகள் அதை மூடினார்கள். பிறகு நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோ, ஜெர்மானியச் சிறைமுகாம். உயிர் தப்பி, சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ நகரில் 1966இல் இறக்கும்வரை இருந்தார். தன் மதச் சட்டத் தீர்ப்புகளின் தொகுப்புக்கு அவர் வைத்த பெயர் ‘தீயில் மிஞ்சியவை’.

மற்றவர் சாமுவேல் அட்லஸ். தால்முத் என்னும் யூதச் சட்ட நூலையும், ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட்டையும் ஒருசேரக் கற்றவர். அமெரிக்காவில் சீர்திருத்த யூதர்களின் கல்லூரியில் பேராசிரியர். ஆசார யூதர்களுக்கு அந்தத் தரப்பே ஆகாது. வைன்பெர்க்கோ அந்த ஆசார யூதர்கள் சந்தேகம் கேட்டு எழுதும் பெரியவர். அப்படிப்பட்டவர் தன் தனிமையையும், தன் தரப்பாரின் குறுகிய மனத்தைப் பற்றிய கசப்பையும் கொட்டியது அட்லஸிடம்தான். சபரிமலைக்கு மாலை போடும் நீயும், கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கும் நானும் நினைவுக்கு வந்தோம்.

இருவரும் மறைந்த பின், 1997இல் அந்தக் கடிதங்கள் அச்சில் வந்தன. நண்பனுக்கென்று எழுதியதை ஊருக்குக் காட்டலாமா என்று சர்ச்சை எழுந்தது. எழாமல் இருக்குமா? பிறர் கடிதத்தை அனுமதியின்றிப் படிக்கக் கூடாது என்று அவர்களிடம் ஒரு தடையே உண்டு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் வாழ்ந்த ரபி கெர்ஷோம் விதித்தது என்பார்கள். கடிதத்தின் வெளிப்புறத்தில் சில எபிரேய எழுத்துகளைச் சுருக்கமாகப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. விரித்தால், ‘வேலியை உடைப்பவனைப் பாம்பு கடிக்கும்’ என்ற யூத வேத வசனம். ஒட்டிய உறைக்குப் பாம்பைக் காவல் வைத்தவர்கள்!

எனக்கு அந்தச் சர்ச்சையில் இரண்டு மனம். அச்சிடாவிட்டால் நான் படித்திருக்க முடியாது. ஆனால் படிக்கும்போது, பக்கத்து வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்த கூச்சம் போகவில்லை.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டியில் உன் இன்லேண்ட் லெட்டர்கள் அறுபத்து மூன்று இருக்கின்றன. மடிப்பு மடிப்பாக விட்டுப்போகிறது, மை பழுப்பேறிவிட்டது. எல்லாவற்றையும் படமெடுத்துப் பத்திரப்படுத்துகிறேன் என்கிறாள் பேத்தி. அவற்றில் உன் அப்பாவோடு நீ பேசாமலிருந்த அந்த இரண்டு வருடக் கடிதங்களும் உண்டு.

சரியென்றால் ஒரு வரி எழுது. அதுவரை பெட்டிச் சாவி என் இடுப்பில்தான். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே. மலையேற இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்