அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களே, கஞ்சாவைப் பற்றியும் கொஞ்சம் பேசுங்கள்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொங்கல் விழா, வரித் தாக்கல் வகுப்பு, எச்-1பி ஆலோசனை என்று வருடம் முழுக்க ஓடியாடிச் செய்கிறீர்கள். ஆனால் கஞ்சா பற்றி எங்கள் பக்கத்துச் சங்கக் கூட்டம் எதிலும் ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. ‘நம்ம பிள்ளைகள் அதையெல்லாம் தொட மாட்டார்கள்’ என்ற நினைப்புதான். சரி, தொடாதவர்களை விடுங்கள். தொடுகிறவர்களுக்கு யார் சொல்வது?

நியூ ஜெர்சியில் 2022 ஏப்ரலிலிருந்து 21 வயது நிரம்பிய யாரும் கடையில் அடையாள அட்டையைக் காட்டி வாங்கலாம். கொலராடோவில் 2014 முதலே அப்படித்தான். பெயர்ப்பலகை, ரசீது, வரி எல்லாம் உண்டு. கோவையிலிருந்து படிக்க வந்த பிள்ளை ‘அரசாங்கமே விற்க விடுகிறது, அப்புறம் என்ன?’ என்றுதானே நினைக்கும்? ஆனால் அது மாநிலச் சட்டம். விசா, கிரீன் கார்டு, குடியுரிமை மூன்றும் ஃபெடரல் அரசின், அதாவது மத்திய அரசின் கையில். அங்கே 1970-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தக் கடைச் சரக்கு இன்னும் குற்றம்தான்.

பலர் அறியாதது இதுதான்: போலீஸில் மாட்டித் தண்டனை பெற்றால்தான் சிக்கல் என்றில்லை. குடியேற்றச் சட்டத்தில், பயன்படுத்தியதாக வாயால் ஒப்புக்கொண்டதே கிரீன் கார்டை மறுக்கவும், விமான நிலையத்தில் திருப்பி அனுப்பவும் காரணமாகலாம். கிரீன் கார்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் போதைப் பழக்கம் பற்றிக் கேட்பார். ஊருக்குப் போய்த் திரும்பும்போது கைபேசியைத் திறந்து பார்க்க அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கடை வாசலில் எடுத்த செல்ஃபியும் அதில்தான் இருக்கும். பொய் சொல்லிச் சமாளிக்கலாம் என்றால் அது இன்னும் பெரிய வம்பு.

கஞ்சா பயன்படுத்துபவர்களுக்கு மட்டுமல்ல இந்தச் சிக்கல். டென்வரில், மாநில உரிமம் பெற்ற கஞ்சாத் தொழிலில் வேலை பார்த்த கிரீன் கார்டுக்காரர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டு, 2019-இல் நகர மேயரே ஃபெடரல் அரசிடம் முறையிட்டார். அதே ஆண்டு ஏப்ரலில் குடியுரிமைத் துறையும் அதையே எழுத்தில் கொடுத்துவிட்டது: மாநிலம் அனுமதித்தாலும் எங்களுக்குக் கணக்கில்லை. இப்படிப்பட்ட கடைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் நம்மவர்களும் முதலில் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மருந்து விஷயத்தில்தான் எனக்கு மனசு கேட்கவில்லை. கிரீன் கார்டில் வந்திருக்கும் அப்பாவுக்கு மூட்டுவலி என்று மகள் கஞ்சா கலந்த ‘கம்மி’ மிட்டாய் வாங்கித் தருகிறாள். மாநிலத்தின் மருத்துவக் கஞ்சா அட்டைக்கும் விண்ணப்பிக்கிறாள். அந்த அட்டை ஃபெடரல் அதிகாரியிடம் கவசமாகாது, எழுத்துபூர்வ ஆதாரமாகத்தான் போய்ச் சேரும். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சையில் வரும் குமட்டலுக்கு, கஞ்சாவின் போதைச் சத்தைச் செயற்கையாகத் தயாரித்த ட்ரோனாபினால் என்ற மாத்திரை 1985-லேயே அங்கீகாரம் பெற்றது. டாக்டர் சீட்டோடு சாதாரண மருந்துக்கடையில் சட்டப்படியே கிடைக்கும். இதை எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஆகஸ்டில் புது மாணவர்கள் வந்திறங்கும்போது, குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேசவையுங்கள். யோசெமிட்டி தேசியப் பூங்கா கலிபோர்னியாவில் இருந்தாலும் ஃபெடரல் நிலம், அங்கே கஞ்சா வைத்திருப்பது குற்றம் என்பது போன்ற சின்ன விஷயங்களையும் அவர் சொல்லட்டும். ஒழுக்கப் பிரசங்கம் மட்டும் வேண்டாம், பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். கேள்விகளைப் பெயரில்லாத துண்டுச் சீட்டில் வாங்குங்கள். மேடையில் தலைவரின் வரவேற்புரை ஐந்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு பழைய உறுப்பினர்